திரும்பிப் பார்த்துச் சாய்தல்

பள்ளியில் குடிமைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாளில் மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், எனக்கு உரிமையுள்ள ஒன்றை நான் செய்தால் அது எப்படித் தவறாகும்?" என்று வினவினாள். "பிறர்க்குத் துன்பம் தராதவரை தவறாகாது" என்று புத்தகத்தில் உள்ளபடி விடை கூறிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிட்டோம். அவ்விடை போதாது என்பதை உணர நமக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உணர்த்தியது நூலன்று; விமானத்தில் இருந்த ஒரு சாய்விருக்கை.

2019ஆம் ஆண்டில், இலண்டனில் வாழும் மகளைக் காணச் சென்னையிலிருந்து புறப்பட்டோம். ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர் தொலைவு. இடையில் எங்கும் இறங்காமல் பத்து மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயணம். நமக்கு வாய்த்தது எகானமி எனப்படும் சிக்கன வகுப்பு. அவ்வகுப்பை இகழ்தல் தகாது. 1952ஆம் ஆண்டு மே மாதம் அட்லாண்டிக் வழித்தடத்தில் குறைந்த கட்டணச் சுற்றுலா வகுப்பு தொடங்கப்பெறும் வரை, கடல் கடந்து பறத்தல் பெரும்பாலும் செல்வர்க்கே உரியதாக இருந்தது. 1958இல் எகானமி வகுப்பு வந்தது. ஓய்வூதியத்தில் வாழும் ஓர் ஆசிரியை பேரக்குழந்தையின் முகத்தை நேரில் காண முடிகிறதென்றால் அஃது இவ்வகுப்பின் கொடையே ஆகும்.

ஆயினும் அக்கொடைக்கு ஈடாக நாம் இடத்தைக் கொடுக்கிறோம். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன்னிருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தைக் கொண்டு இந்த இடத்தை அளக்கின்றனர். 1970களில் 34, 35 அங்குலமாக இருந்த அத்தூரம் இப்போது பெரும்பாலும் 31 அங்குலம் அளவில் நிற்கிறது. இருக்கையின் கனமும் அதனுள் அடங்கும். எஞ்சுவதில்தான் முழங்கால்கள் இருத்தல் வேண்டும். முன்னிருப்பவர் கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்திச் சாய்வாராயின், அவருடைய இருக்கையின் மேற்பகுதி சில அங்குலம் நம் பக்கம் வந்துவிடுகிறது. அந்தச் சில அங்குலம் யாருக்குரியது?

"பொத்தான் என் இருக்கையில் உள்ளது, கட்டணம் செலுத்தியிருக்கிறேன், ஆகவே எனக்குரியது" என்பார் முன்னிருப்பவர். "என் முகத்திற்கு எதிரே உள்ள இடம்; நானும் அதே கட்டணம் செலுத்தியிருக்கிறேன்; ஆகவே எனக்குரியது" என்பார் பின்னிருப்பவர். இருவர் கூற்றிலும் பொய்யில்லை. ஒரே இடம் இருவருக்கு விற்கப்பட்டிருக்கிறது என்பதே உண்மை.

இது சிறு பூசல் என்று எண்ணுதல் வேண்டா. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் நெவார்க்கிலிருந்து டென்வர் நோக்கிப் பறந்த விமானத்தில், முன்னிருக்கை சாயாதபடி ஒரு பயணி சிறு கருவியைப் பொருத்தினார். முன்னிருந்த பெண்மணி அவர்மீது தண்ணீரை வீசினார். விமானம் சிகாகோவில் இறக்கப்பட்டு இருவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் அமர்ந்திருந்தவையோ சாதாரண இருக்கைகளைவிடச் சில அங்குலம் கூடுதல் இடமுள்ளவை! இடம் பெருகினால் பூசல் தானே அகலும் என்பதற்கு இஃது உறுதி தரவில்லை.

அவ்வாண்டே சட்டப் பேராசிரியர் இருவர் மக்களிடம் கருத்துக் கேட்டனர். சாயாமலிருக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டபோது, சராசரியாக 41 டாலர் என்றனர். முன்னிருப்பவர் சாயாமலிருக்க நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டபோது, 18 டாலர்தான் என்றனர். நம் கையில் உள்ள உரிமை நமக்கு மலையாகத் தோன்றுகிறது. அதே உரிமை பிறர் கையில் இருக்கும்போது அதற்கு நாம் தரும் மதிப்புச் சுருங்கிவிடுகிறது.

"இடத்தைக் குறைத்த நிறுவனத்தையன்றோ குறை கூற வேண்டும்?" எனச் சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. இருக்கைகளின் குறைந்தபட்ச அளவை வரையறுக்குமாறு அமெரிக்க நாடாளுமன்றம் 2018இல் சட்டமியற்றி, விமானத்துறை ஆணையத்தைப் பணித்தது. ஆணையம் 2022இல் மக்கள் கருத்தைக் கேட்டது. அத்தகைய முயற்சிகள் வெல்லட்டும். ஆனால் சட்டம் வரும் வரை நம் பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கிறாரே, அவர்பால் நம் கடமை யாது?

இனி நம் கதைக்கு வருவோம். விமானம் மேலெழுந்த சிறிது நேரத்தில் முன்னிருக்கை இளைஞர் முழுதும் சாய்ந்துவிட்டார். முன்கூட்டியே கேட்டிருந்த சமண உணவு வந்தது. தட்டை வைக்க இடம் போதவில்லை. "இக்காலத்துப் பிள்ளைகள்!" என்று மனத்துள் பொருமினோம். பிறகு துணிந்து, "தம்பி, சாப்பிட்டு முடிக்கும் வரை சற்று நிமிர்த்திக்கொள்கிறீர்களா?" என்றோம். "மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, கவனிக்கவில்லை" என்று அவர் உடனே நிமிர்ந்தார். தட்டு அகற்றப்பட்டதும் திரும்பி, "இப்போது சாயலாமா அம்மா?" என்று கேட்டுவிட்டே சாய்ந்தார். கேட்காமலே இருந்திருந்தால், பத்து மணி நேரமும் ஒரு நல்ல பிள்ளையைத் தீயவனாக எண்ணிக்கொண்டு சென்றிருப்போம்.

சற்று நேரத்தில் நமக்கு முழங்கால் வலி மிகுந்தது. பொத்தானை அழுத்தி உடல் பாரம் முழுவதும் சாய்ந்தோம். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு சிறு அலறல். மடியில் உறங்கும் குழந்தையுடன் இளந்தாய் ஒருத்தி. அவள் எதிரே பலகையில் தேநீர்க் குவளை. குவளை சரிந்தபோது அவள் குழந்தையின் தலையைத் தன் கையால் மறைத்திருக்கிறாள். தேநீர் அக்கையின்மேல் கொட்டியிருந்தது. "பரவாயில்லை அம்மா, குழந்தை மேல் படவில்லை" என்றாள் அவள்.

விமானப் பணிப்பெண் குளிர்ந்த நீர் கொண்டுவந்தார். நாம் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் நெஞ்சு ஆறவில்லை. கிழங்கு கலவாத உணவு வேண்டும் என்று பல நாள் முன்னரே சொல்லி வைத்து, கண்ணுக்குப் புலப்படாத உயிர்க்கும் ஊறு நேராதிருக்கக் கருதிய நாம், ஒரு முழத் தொலைவில் இருந்த தாயையும் சேயையும் திரும்பிப் பாராமற் போனோமே! தட்டைப் பார்த்த கண் பின்னால் பார்க்கவில்லை. முன்னிருந்த இளைஞர் நமக்குச் செய்ததையே, அதுவும் அவரிலும் கொடிதாக, நாம் பின்னிருந்தவர்க்குச் செய்தோம்.

அவ்விரவு உறக்கம் வராமல் நடைபாதையில் நடந்தபோது கடைசி வரிசையைக் கண்டோம். பின்னால் சுவர் இருப்பதால் அவ்வரிசை இருக்கைகள் சாயவில்லை. முதல் வரிசையில் ஒருவர் சாய, அதனால் இடமிழந்தவர் தாமும் சாய, துன்பம் ஒவ்வொரு வரிசையாகப் பின்னே நகர்ந்து, எவர்மீதும் தள்ள இயலாத அக்கடைசி வரிசையில் வந்து தங்குகிறது. "எனக்கும் இடமில்லை, ஆகவே நானும் சாய்கிறேன்" என்பது காரணம் போலத் தோன்றலாம். ஆனால் பின்னிருப்பவர் நமக்கு எத்தீங்கும் செய்தவரல்லர்.

அப்படியாயின் வலியைப் பொறுத்துக்கொண்டு நேரே அமர்ந்திருப்பதுதான் அறமா? அன்று. முதுமைக்கும் நோய்க்கும் சாய்தல் வேண்டும். மேலும், வாய் திறவாமல் பொறுத்தவர் மனத்தில் கசப்பு வளரும் என்பதை நாமே அன்று கண்டோம். சாய்பவர் பார்க்கவேண்டும், கேட்கவேண்டும், மெல்லச் சாயவேண்டும். இடர்ப்படுபவர் கசப்பின்றிச் சொல்லவேண்டும். உணவு வேளையில் இருவரும் நிமிர்ந்திருக்கவேண்டும். இணக்கம் கிட்டாதபோது சிறிது குறைத்துக்கொள்ளவும் வேண்டும். குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்ட அத்தாய், "இப்போது சாயுங்கள் அம்மா, எனக்கு இடைஞ்சலில்லை" என்றாள். அவள் சொன்னபின் பாதியளவே, மெல்லச் சாய்ந்தோம். அந்தப் பாதிச் சாய்வில் கிடைத்த ஓய்வு, பொத்தானை அழுத்திப் பெற்றதில் கிடைக்கவில்லை.

அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது எங்கிருக்கிறாளோ, அறியோம். இப்பக்கம் அவள் கண்ணில் பட்டால் நம் பழைய விடையை இவ்வாறு திருத்திக்கொள்ளட்டும்: உரிமையுள்ளதைச் செய்வது தவறன்று, அம்மா. செய்யும்போது யார்மீது படுகிறது என்று பாராமலிருப்பதே தவறு. "பிறர்க்குத் துன்பம் தராதவரை" என்று அன்று கூறினோம். துன்பம் தருகிறோமா என்பதை அறியத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கூற மறந்தோம்.