ராத்திரியில் ஏடு திருத்திய குமரக்கோட்டத்து வாத்தியார்



காஞ்சிபுரம் போனா ஏகாம்பரநாதரைப் பார்த்து, காமாட்சி அம்மனைப் பார்த்து, கல்யாணத்துக்குப் பட்டு எடுத்துட்டு பஸ் ஏறிடறவங்கதான் அதிகம். அந்த ரெண்டு கோயிலுக்கும் நடுவுலதான் நம்ம அப்பன் குமரக்கோட்டத்தில் உட்கார்ந்திருக்கான். அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை. ஊரே ஒரு சோமாஸ்கந்தர் என்று பெரியவங்க சொல்வாங்க.

ஆனா அங்கே மூலவர் கையில் வேலைத் தேடாதீங்க. ஜபமாலையும் கமண்டலமும்தான் இருக்கும். அது பிரம்மாவோட கோலம். கதை உங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைதானே என்று பிரம்மா வணங்காமல் போனார். கூப்பிட்டு, பிரணவத்துக்கு அர்த்தம் கேட்டான் முருகன். பதில் வரல. தலையில் குட்டு, அப்புறம் சிறை. படைக்கிற வேலையைத் தானே எடுத்துக்கிட்டான்.

இந்தக் கதையில் நாம கவனிக்காம விடுற இடம் ஒண்ணு இருக்கு. முருகன் யாரைச் சிறையில் வச்சான்? எழுத்து தெரியாத ஒரு குழந்தையை இல்ல. தெரிஞ்சிருக்க வேண்டிய பதவியில் உட்கார்ந்துக்கிட்டு, தெரியாமலே காலம் தள்ளின பெரியவரைத்தான். ஒரு பிள்ளைக்கு எழுத்து கிடைக்கலன்னா அவன் சன்னதியில் கேள்வி பிள்ளைகிட்ட வராது, நம்மகிட்டதான் வரும்.

அதே கோயிலில்தான் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடினார். ஆறு காண்டம், 10,000-க்கும் மேல் பாட்டு. தினம் நூறு பாட்டு எழுதி, ராத்திரி மூலவர் திருவடியில் ஏட்டை வச்சுட்டுப் போவாராம். காலையில் வந்து பார்த்தா திருத்தம் இருக்குமாம். யோசிச்சுப் பாருங்க! சூரனை அழிச்ச சேனாபதி, உட்கார்ந்து ஒருத்தரோட ஏட்டைத் திருத்தியிருக்கான். அதுவும் சபையில் நாலு பேர் பார்க்க இல்ல. நடை சாத்தின பிறகு, யாருக்கும் தெரியாம. அரங்கேற்றத்தன்று முதல் அடியிலேயே இலக்கணப் பிழை என்று ஒரு புலவர் மடக்கினப்போ, வீரசோழியத்தில் விதி இருக்குன்னு எடுத்துக் காட்டவும் அவனே வேறு உருவத்தில் வந்தான் என்பது ஊர் சொல்லும் வரலாறு. மாணவனை அந்தரத்தில் விட்டுட்டுப் போற வாத்தியார் இல்ல அவன்.

இனி கோயிலை விட்டு வெளியே வாங்க. தறிச் சத்தம் கேட்கும் தெருக்களுக்குப் போவோம்.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ரெண்டையும் தனித்தனி நாடாவில் ஓட்டி, இழையோட இழை கோர்த்து நெய்யணும். அதுக்கு ஒரு ஆள் போதாது. நெசவாளர் ஒரு பக்கம் உட்கார, மறு ஓரத்தில் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேணும். ரொம்ப காலம் அந்த இன்னொரு ஆள் ஒரு குழந்தை. வீட்டில் கல்யாணமோ வைத்தியச் செலவோ வந்தா, தறி முதலாளியிடம் அப்பா முன்பணம் வாங்குவார். அதைக் கழிக்கப் பிள்ளை தறிக்குப் போகும். கூலி சொற்பம், கடன் குறையவே குறையாது. பிள்ளை வளர்ந்துடும், கடன் அப்படியே நிற்கும்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தாச்சு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல். அப்படியும் 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட, பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றிய அறிக்கையில் கர்நாடகா, உத்தரப்பிரதேசத்தோடு நம்ம காஞ்சிபுரமும் இருந்தது. முகூர்த்தத்துக்கு நாம தொட்டுக் கண்ணில் ஒத்திக்கிட்ட சேலைகள் சிலதில் அந்த விரல்கள் ஓடியிருக்கு. இன்னொரு சங்கதி: நெசவாளர்களில் செங்குந்தர் மரபினர் தங்களை வீரபாகு முதலான நவவீரர் வழி வந்தவங்கன்னு சொல்லிக்குவாங்க. அதாவது முருகன் படையின் பிள்ளைகள்!

நிலைமை மாறாம இல்ல. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் வந்தன. ரைடு போன்ற தொண்டு நிறுவனங்கள் இணைப்புப் பள்ளி நடத்தி, தறியிலிருந்து வந்த பிள்ளைகளை வயசுக்கேத்த வகுப்பில் சேர்க்கப் பாடுபட்டாங்க. 1956-ல் காமராஜர் காலத்தில் தொடங்கின மதிய உணவும், 2022-ல் வந்த காலை உணவும் பள்ளிக்கூட வாசலுக்கு இழுத்து வந்த பிள்ளைகள் எத்தனையோ. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டமும் நடைமுறையில் இருக்கு. ஆனா அது 6 முதல் 14 வயசு வரைதான். அதுக்கு மேல பிள்ளை பள்ளியை விட்டா, கையைப் பிடிச்சு நிறுத்த சட்டம் வராது. பத்தாம் வகுப்பில் கணக்கு பெயிலாகி, ‘எனக்குப் படிப்பு வராது’ன்னு முடிவு பண்ற பையன்தான் இப்போ என் கவலை. (வீட்டுத் தொழிலைப் பள்ளி நேரம் போகக் கத்துக்கிறதை நான் தப்புன்னு சொல்லல. 2016 சட்டத்திருத்தமும் அதை அனுமதிக்குது. நெசவு பெரிய வித்தை. ஆனா புத்தகத்துக்குப் பதிலா அது வரக்கூடாது.)

காஞ்சியில் பிறந்த கந்தபுராணம் கடல் தாண்டியும் போச்சு. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் பொருள் சொல்ல, ஊர் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தது. அவங்க வாழ்க்கைக்கே ‘கந்தபுராணக் கலாசாரம்’ என்று பேர். ஆறுமுக நாவலர் 1848-லேயே வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிட்டார். அப்படிப்பட்ட மண்ணில் 1981-ல் யாழ் நூலகத்தை எரிச்சாங்க, சுமார் 97,000 நூல்களோடு. 1983-க்குப் பிறகு லட்சக்கணக்கானவங்க படகேறி இங்கே வந்தாங்க, நல்லூர்க் கந்தனை மனசில் சுமந்துகிட்டு.

தமிழ்நாட்டில் இன்னும் நூறு முகாம்களுக்கு மேல் இருக்கு. பள்ளிக்கூடம் கிடைச்சது. ஆனா 1991-க்குப் பிறகு சில வருஷம் கல்லூரிக் கதவு அவங்களுக்கு மூடிக் கிடந்தது. அந்த இருட்டிலும் முகாமுக்குள்ளேயே மாலை வகுப்பு நடத்தினவங்க யார் தெரியுமா? 1984-ல் அகதிகளே தொடங்கின ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார். தங்களுக்கே கூரை சரியா இல்லாதப்போ, படிச்ச அக்கா, படிக்கிற தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. காஞ்சியில் நடந்த திருத்தம் அந்த முகாமிலும் நடந்தது என்றுதான் எனக்குத் தோணுது.

இதை 11 பேருக்கு அனுப்பினா நல்ல சேதி வரும்னு நான் சொல்லப்போறதில்ல. வர்ற ஐப்பசியில் சஷ்டி விரதம் இருப்பீங்க இல்லையா, அந்த ஆறு நாளில் சாயங்காலம் ஒரு மணி நேரத்தை எடுத்து வைங்க. உங்க தெருவில் வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத ஒரு பிள்ளை இருக்கும். தறி வீட்டுப் பிள்ளையா இருக்கலாம், முகாம் பிள்ளையா இருக்கலாம், செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக்காரர் பிள்ளையாவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை வாங்கிப் பாருங்க. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் செஞ்சதும் இதேதான், உங்களால் முடியாதது இல்ல. 14 வயசுக்குள்ள பிள்ளை பள்ளி நேரத்தில் வேலையில் இருக்கிறதைப் பார்த்தா 1098-க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது.

திருத்தும்போது மட்டும் ஒண்ணு: நாலு பேர் முன்னாடி வேண்டாம். சிவப்பு மையும் வேண்டாம், பென்சில் போதும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!