தாதியின் அறிவும் மனச்சாட்சியும்

நல்ல மனம் இருந்தால் போதும், வேலை தானாக வரும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாய் வேரூன்றியிருக்கிறது. நோயாளிகளைப் பராமரிக்கும் தொழிலைப் பற்றிய பேச்சில் இது இன்னும் அழுத்தமாக வரும். "அந்த நர்சம்மா தங்கமான குணம்" என்பதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் வழங்குகிற பெரிய பட்டம். "அவருக்கு வேலை தெரியும்" என்று சொல்லுகிறவர்கள் சிலரே. குணம் வேண்டாமென்று யாரும் வாதாட வரவில்லை. ஆனால் குணமுள்ள ஒருத்தி, தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நோயாளிக்குத் தீங்கு செய்துவிட்டால், "எனக்குத் தெரியாதே" என்ற சொல் அவளைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமா? வெளிநாடு செல்ல எண்ணி இராப்பகலாய்ப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிற இக்காலத்தில் இக்கேள்வியைச் சற்று நின்று நிதானித்துப் பார்ப்பது தகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க விரும்புகிறவர் என்கிளெக்ஸ் என்ற பரீட்சையில் தேற வேண்டும். நம் நாட்டில் சென்னை முதலிய நகரங்களிலேயே இதை எழுதலாம். 1994 முதல் இது கம்ப்யூட்டரில் நடக்கிறது. சரியான விடை கொடுத்தால் அடுத்த கேள்வி கடினமாகிறது; தவறினால் சற்று இலேசாகிறது. குறைந்தது 85 கேள்விகள், மிஞ்சினால் 150, ஐந்து மணி நேரம். இவர் கெட்டிக்காரரா என்று இப்பரீட்சை பார்ப்பதில்லை. முதல் நாள் வேலைக்கு வந்தால் இவர் கையில் நோயாளி பத்திரமாய் இருப்பாரா என்பது ஒன்றே அதன் கவலை. 2023 ஏப்ரல் முதல் ஒரு நோயாளியின் நிலையைப் படிப்படியாக விரித்து, எதைக் கண்டாய், அதில் எது முக்கியம், என்ன செய்வாய், செய்தது பலித்ததா என்று தொடர்ந்து ஆறு கேள்விகள் கேட்கிற முறையையும் சேர்த்திருக்கிறார்கள்.

அத்தகைய கேள்வி ஒன்றை நாமே அமைத்துப் பார்ப்போம். 78 வயதுப் பெரியவர்; இடுப்பெலும்பு முறிந்து ஆப்பரேஷன் ஆயிற்று. இரண்டாம் நாள் இரவு குளுக்கோஸ் குழாயைப் பிடுங்குகிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், மகனைப் பார்த்து "நீ யாரப்பா?" என்று கேட்கிறார். "அப்பாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது, சிஸ்டர்! கையைக் கட்டிவிடுங்கள், விழுந்துவிடப் போகிறார்" என்று மகன் கெஞ்சுகிறான். தாதி முதலில் செய்ய வேண்டியது யாது? கையைக் கட்டுவதா? தூக்க மருந்துக்கு உத்தரவு கேட்பதா? அதட்டுவதா? மூச்சையும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் பார்ப்பதா?

கடைசியில் சொன்னதே விடை. ஏனென்றால் திடீரென்று தோன்றி, பகலில் தணிந்து இரவில் ஏறுகிற குழப்பம் பெரும்பாலும் உடம்பிலிருந்து வருகிறது. பிராணவாயு குறைந்திருக்கலாம், காய்ச்சல் கண்டிருக்கலாம், சிறுநீர் அடைத்திருக்கலாம், புதிதாகக் கொடுத்த மருந்தாக இருக்கலாம், வெறும் வலியாகவும் இருக்கலாம். பிராணவாயு குறைந்தவன் முதலில் அமைதி இழக்கிறான். உதடு நீலம் பாய்வது பிற்பாடுதான். அந்த வேளையில் தூக்க மருந்து கொடுத்தால் மூச்சு இன்னும் தாழும். வார்டு அமைதியாகும், எல்லாரும் நிம்மதி அடைவார்கள், கிழவர் செத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. அவர் நாள்தோறும் குடித்து வந்தவராயிருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அது நின்றுபோயிருக்கலாம். குடியைச் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கு மேல் உடல் நடுங்கி, வியர்த்து, இல்லாததைக் காணும் பிதற்றல் வரும். கவனியாது விட்டால் உயிரையே கொண்டுபோகும். மானத்துக்கு அஞ்சிக் குடும்பத்தார் இதை மறைப்பார்கள். அப்படி மறைக்கிறவர்களிடம், முகம் சுளிக்காமல், குற்றம் விசாரிக்கிறவர்போலக் கேட்காமல், "கடைசியாய் எப்போது குடித்தார்?" என்று கேட்டறிவதும் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தைதான்.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். கையைக் கட்டச் சொன்ன மகனுக்கு அன்பில்லையா? இருக்கிறது. அவன் சொன்னபடி கட்டிவிடுகிற தாதிக்கு இரக்கமில்லையா? இருக்கிறது, விழுந்துவிடுவார் என்றே கட்டுகிறாள். ஆனால் மகனின் அறியாமையும் தாதியின் அறியாமையும் ஒன்றல்ல. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இந்த வேற்றுமையை நறுக்கென்று வகுத்திருக்கிறார். க்ஷேத்திர கணிதத்தின் சூத்திரங்களைத் தெரியாதிருப்பது எல்லார்க்கும் குற்றமல்ல. தெரிந்திருக்கக் கடமைப்பட்ட ஒன்றை அசட்டையினால் தெரிந்துகொள்ளாதிருப்பதோ பாவம் என்பது அவர் போதனை. மகன் தையற்காரனாகவோ கணக்குப்பிள்ளையாகவோ இருக்கலாம். அவன் பிராணவாயுவின் அளவை அறியக் கடமைப்பட்டவனல்ல. வெள்ளுடை அணிந்து கட்டிலருகே நிற்கிறவள் கடமைப்பட்டவள். அந்த உடையே ஒரு வாக்குறுதி அன்றோ?

அறிவில்லாத அன்பு எங்கே வழிதவறும் என்பதை மனோவியாதிகளில் இன்னும் தெளிவாய்க் காணலாம். வாரக்கணக்காய்ப் படுக்கையை விட்டு எழாமல் சாக வேண்டுமென்று புலம்பிக்கொண்டிருந்த ஒரு பெண் மருந்து சாப்பிடத் தொடங்குகிறாள். பத்து நாளில் எழுந்து தலை வாரிக்கொள்கிறாள். தன் பட்டுப் புடவையைத் தங்கைக்குக் கொடுக்கிறாள். வளையலை மருமகளுக்கு எடுத்து வைக்கிறாள். எல்லாரிடமும் இனிமையாய்ப் பேசுகிறாள். வீடே மகிழ்கிறது. பயின்ற தாதியோ அன்றைக்குத்தான் அவள் பக்கத்தை விட்டு நகரமாட்டாள். துயரம் நீங்குமுன்பே உடலில் வலு திரும்பிவிடுவதுண்டு. சாக நினைத்தும் எழ முடியாதிருந்தவளுக்கு இப்போது எழ முடியும். உள்ளே முடிவு செய்துவிட்டதால் வருகிற அமைதியும் உண்டு. தாதி அவள் அருகே அமர்ந்து, "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா? எப்படிச் செய்வதாக நினைத்தீர்கள்?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகும் என்று அஞ்சுகிறவர்கள் பலர். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்களே அதிகம்.

இன்னும் சிறியதாய் ஓர் உதாரணம்: உப்பு. வெறியும் சோர்வும் மாறி மாறி வருகிற நோய்க்கு லித்தியம் என்ற மருந்து தருகிறார்கள். இரத்தத்தில் அது 0.6 முதல் 1.2 வரை இருந்தால் மருந்து, 1.5 தாண்டினால் விஷமாகத் தொடங்கும். உடம்பில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். புருஷனுக்கு இரத்தக் கொதிப்பு வந்துவிடக்கூடாதென்று மனைவி ஆசையோடு சோற்றில் உப்பைக் குறைக்கிறாள்; சித்திரை வெயிலில் அவன் வியர்த்து உழைக்கிறான்; கை பலமாய் நடுங்குகிறது, வாந்தி பேதி காண்கிறது, தள்ளாடுகிறான். அன்பு ஊட்டிய விஷம் இது. வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திராது.

ஆஸ்பத்திரிகளின் சரித்திரமும் இதையே சொல்லுகிறது. 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துக் கிரனாடா நகரில் அர்ச். தேவ அருளப்பரைப் பைத்தியம் என்று எண்ணி அரச ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். அடித்தார்கள். அடித்தவர்கள் கொடியவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அடியே புத்தியைத் திரும்பக் கொண்டுவரும் என்பது அக்காலத்து வைத்தியம். வெளியே வந்த அவர் அதே நகரில் நோயாளிகளுக்கு வேறு விதமான இல்லம் நடத்தி 1550-ல் இறந்தார். 1930-ல் பரிசுத்த பாப்பானவர் 11-ம் பத்திநாதர் அவரையும் அர்ச். கமில்லுவையும் தாதியருக்குப் பாதுகாவலராக அறிவித்தார்.

பாரிஸ் நகருக்கருகே பிசேத்ர் ஆஸ்பத்திரியில் 1797-ல் மனோவியாதிக்காரரின் இரும்புச் சங்கிலிகளைக் கழற்றியவர் புஸ்ஸேன். அவர் வைத்தியரல்ல. கண்டமாலை நோயாளியாய் அங்கே வந்து, குணமடைந்து, வார்டு மேற்பார்வையாளரானவர். கீர்த்தி முழுவதும் பினேல் என்ற வைத்தியருக்கே போயிற்று, அது போகட்டும். நோயாளியின் பக்கத்தில் இரவும் பகலும் இருந்து கவனித்தவனுக்கே சங்கிலி வேண்டியதில்லை என்று தெரிந்தது. நம் நாட்டிலோ 2001 ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்து, 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவரல்ல, பெற்றோரும் உடன்பிறந்தாரும்.

"அப்படியானால் பரீட்சையில் தேறினால் எல்லாம் ஆயிற்றா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, இதற்கு விடை சுலபமல்ல. 2023 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் ஒரு மோசடியை வெளிப்படுத்தினார்கள். புளோரிடா மாநிலத்திலிருந்த சில பள்ளிகள் 7,600-க்கு மேற்பட்ட போலி நர்ஸிங் டிப்ளமாக்களைப் பணத்துக்கு விற்றிருந்தன. வாங்கியவர்களில் ஏறத்தாழ 2,400 பேர் அந்தச் சான்றைக் காட்டி என்கிளெக்ஸ் எழுதித் தேறியும் விட்டார்கள்! பரீட்சை அறிவைத்தான் சோதிக்கிறது, அவர்கள் தேறிவிட்டார்கள், பின்னே குறை என்ன என்று வாதிக்க இடமுண்டு. பரீட்சையை நாம் இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் இந்த வாதம் நம்மையும் உறுத்தத்தான் செய்கிறது.

எனினும் இதைக் கவனியுங்கள். விடைகள் எழுதியிருக்கும் கேள்வியில் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறவனுக்கு, கேள்வி இருக்கிறது என்பதாவது முன்கூட்டியே தெரியும். இரவு இரண்டு மணிக்கு வார்டில் யாரும் கேள்வியை நீட்டுவதில்லை. பெரியவர் புரண்டு படுக்கிறார், அவ்வளவுதான். அதில் ஒரு கேள்வி இருக்கிறதென்று கண்டுகொள்கிற கண், மேற்பார்வையாளரின் பக்கத்தில் நின்று, நூறு பேர் புரண்டு படுப்பதைப் பார்த்த பிறகே வருகிறது. அந்த மணி நேரங்களைத்தான் அவர்கள் விலைக்கு வாங்கினார்கள். அவர்கள் திருடியது பள்ளிக்கூடத்தாருடைய பொருளையல்ல; இன்னும் முகம் தெரியாத ஒரு நோயாளிக்கு உரிய பொருளை. நோயாளி தன் தாதியைப் பரீட்சிக்க முடியாது. மனோவியாதிக்காரன் முறையிட்டாலும் யாரும் நம்பமாட்டார்கள். அவனுக்காகப் பிறர் பரீட்சிக்கிறார்கள். அந்தக் காவலை ஏமாற்றுகிறவன் யாரை ஏமாற்றுகிறான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மோசடி செய்யாதவர்களுக்கும் ஒரு சிறிய சோதனை உண்டு. "எப்போதும்" என்ற சொல் வரும் விடை தப்பு, "மூச்சு" என்று வந்தால் சரி என்று குறுக்குவழி கற்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுதிவிட்டு வந்தவரிடம் கேள்விகளை நினைவிலிருந்து கறந்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். வெளியிடமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே ஒவ்வொருவரும் பரீட்சை எழுதுகிறார்கள் என்பதை இவர்கள் சொல்லுவதில்லை. மூச்சு ஏன் முதலில் என்று தெரியாமல் "மூச்சு" என்று குறித்தவளுக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். பெரியவருக்கு ஒன்றும் கிடைக்காது.

கடைசியாக ஓர் ஆட்சேபணை. இதைச் சொல்லுகிறவர்கள் வேலையில் இருக்கிற தாதியரே. "கேள்வித்தாளில் நோயாளி ஒருவர், என் வார்டில் நாற்பது பேர், நான் ஒருத்தி. கட்டாமல் என்ன செய்ய?" என்கிறார்கள். இதை அசட்டை செய்கிறவர் ஓர் இரவு அங்கே நின்று பார்த்ததில்லை. ஆயினும் 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு நேராகவே பதில் சொல்லியிருக்கிறது. மனநல நிலையங்களில் சங்கிலி அறவே கூடாது. மற்றக் கட்டுகளையும் தண்டனையாகவோ, ஆள் போதாது என்ற காரணத்துக்காக மட்டுமோ போடக்கூடாது. போட்டால் காரணமும் எவ்வளவு நேரம் என்பதும் குறிப்பில் ஏற வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் போதாமை ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்களின் கடன். அதை நோயாளியின் மணிக்கட்டில் வசூலிக்கலாகாது என்று சட்டமே சொல்லிவிட்டது. ஆகையால் அறிந்த தாதி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "இரவு 2 மணி, நோயாளிகள் 40, பணியில் நான் ஒருத்தி" என்று புத்தகத்தில் எழுதி வைப்பதும் அவள் வேலையில் சேர்ந்ததே. எழுதியதற்காக மேலிடத்துக் கோபத்துக்கு ஆளாவாள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதற்கிடையில் அந்தப் பெரியவர் காத்திருக்கிறார். பிராணவாயு வைத்து, வைத்தியருக்குச் சொல்லியாயிற்று. இனி அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டலாம். சிறு விளக்கு ஒன்றை எரிய விடலாம். அமெரிக்கக் கேள்வித்தாளில் அநேகமாய்க் காணாத ஒரு வசதி நம் வார்டுகளில் உண்டு: கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிற மகன். அவனை எழுப்பி, நாற்காலி போட்டு உட்கார வைத்து, "அப்பா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தம்பி. நாம் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், மணி என்ன என்று மெதுவாய்ச் சொல்லிக்கொண்டே இருங்கள். குழாயைத் தொட்டால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கட்டிலுக்குப் போகலாம்.