மீட்ட உயிரை எங்கே விடுவது?

நவம்பர் மாதத்துப் பகலில் ஒரு முள்ளெலி புல்வெளியில் தள்ளாடி நடந்தால், இங்கிலாந்தின் கிராமத்தார் உடனே பதறுவார்கள். இரவில் இரை தேடும் பிராணி பகலில் வெளியே வந்தால் அதற்கு ஏதோ கோளாறு என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படி அகப்படுபவற்றைப் பராமரிக்கும் பண்ணைக் குடும்பம் ஒன்று நான் வசிக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆடும் கோதுமையும் அவர்கள் பிழைப்பு. ஆட்டுக் கொட்டகையை ஒட்டிய சிறு அறையில் முள்ளெலிகளுக்கென்று பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

வந்ததும் முதலில் சூடு; துணியில் சுற்றிய வெந்நீர்ப் பை. உடம்பு கதகதப்பான பிறகுதான் தீனி. இரக்கப்பட்டுப் பாலை ஊற்றுபவர்கள் உண்டு. ஆனால் பால் அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். இறைச்சி கலந்த பூனைத் தீனியும் தண்ணீருமே அதற்கு ஏற்றவை. புண்ணில் ஈ இட்ட முட்டைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நுரையீரலில் புழு இருந்தால் கால்நடை மருத்துவர் வருவார். பிந்திப் பிறந்த குட்டிக்குக் குறைந்தது 450 கிராம் எடையாவது இல்லாவிட்டால் குளிர்காலத்தின் நீண்ட உறக்கத்தைத் தாண்டுவது கடினம். அதனால் அந்த வீட்டுப் பெண்பிள்ளை தராசும் நோட்டுமாகவே இருக்கிறாள். ஆனால் எதற்கும் பெயர் வைப்பதில்லை, மடியில் வைத்துக் கொஞ்சுவதுமில்லை. திரும்பிப் போக வேண்டிய உயிர் மனிதருக்குப் பழகிவிடக் கூடாது.

எங்கே திரும்பிப் போக? அந்தக் குடும்பத்தை அறிந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிரிட்டனின் முள்ளெலிகளைப் பற்றி 2022-இல் வெளிவந்த அறிக்கை, 2000-க்குப் பிறகு கிராமப்புறங்களில் அவற்றின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் 30 முதல் 75 சதவீதம் வரை சரிந்துவிட்டதாகச் சொல்கிறது. நகரத் தோட்டங்களில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. வயல்தான் அதைக் கைவிட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விளைச்சலைப் பெருக்க உயிர்வேலிகளைப் பிடுங்கி வயல்களை ஒன்றாக்கினார்கள். முள்ளெலி கூடு கட்டும் இடமும் மறைந்து நடக்கும் வழியும் அதோடு போயின. பூச்சிமருந்து அதன் இரையான வண்டுகளைத் தீர்த்தது. பிழைக்க வைத்து அதே வெட்டவெளியில் விடுவது என்ன உதவி? குடியிலிருந்து மீண்டு வந்தவரை வேலையும் துணையும் இல்லாமல் அதே தெருவுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி விழுந்தால் அவரையே குறை சொல்கிறோமே, நம் ஊரிலும் இதே கதைதானே?

இடம் தவறினால் அன்பே ஆபத்தாகும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்காட்லாந்தின் தெற்கு யூஸ்ட் தீவில் தோட்டத்து நத்தைகளைத் தின்னட்டும் என்று 1974-இல் சில முள்ளெலிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகி, தரையில் கூடு கட்டும் கரைப்பறவைகளின் முட்டைகளைத் தின்றன. 2003-இல் அவற்றைக் கொல்லத் தொடங்கினார்கள். மனம் பொறுக்காதவர்கள் பிடித்துவந்து பெருநிலத்தில் விட்டார்கள். அந்த முள்ளெலிகள் செய்த குற்றம் ஏதுமில்லை, இடம்தான் அவற்றுடையதல்ல. ஓர் உயிரின் மேல் வைக்கும் பரிவு, பக்கத்து உயிரையும் பார்த்தாக வேண்டும்.

அப்படியானால் ஒன்றிரண்டைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தப் பண்ணையில் பெட்டிக்கு வந்த ஒவ்வொரு காயமும் நிலத்தைப் பற்றி ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. புல்வெட்டியில் அறுபட்டது வந்த பிறகு, புதரைக் கிளறிப் பார்க்காமல் அவர்கள் புல் வெட்டுவதில்லை. வலையில் சிக்கியது வந்த பிறகு, காய்கறிப் பாத்தியின் வலை தரைக்குச் சற்று மேலே ஏறியது. தாத்தா காலத்தில் உயிர்வேலியைப் பிடுங்கிய வரப்பில் முட்செடிகளை நட்டு, ஓரத்தில் ஒரு பட்டையை உழாமல் விட்டிருக்கிறார்கள். அவ்வளவு நிலத்தின் வரும்படி போனதில் அவர்களுக்கு வருத்தமில்லை.

1982-இல் ஷ்ராப்ஷையரில் மேஜர் ஏட்ரியன் கோல்ஸ் என்பவருக்கும் இப்படித்தான் நேர்ந்தது. மாடு தாண்டாதபடி பாதையின் குறுக்கே இரும்புக் கம்பி பதித்த குழியில் ஒரு முள்ளெலி விழுந்து கிடந்தது. அதைத் தூக்கிவிட்டதோடு அவர் நிற்கவில்லை. விழுந்தது ஏறி வரக் குழிகளில் சாய்தளம் வேண்டும் என்று வாதாடினார். பிரிட்டிஷ் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கம் அதிலிருந்து பிறந்தது. அந்தச் சங்கமும் சேர்ந்து 2011-இல் தொடங்கிய இயக்கம், தோட்ட வேலிகளின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஓட்டை விடச் சொல்கிறது. இரவில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடக்கும் பிராணிக்கு அது போதுமான வாசல்.

தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களிலும் முள்ளெலி உண்டு. முள்ளைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கக்குவான் இருமலுக்கு மருந்தென்று கொடுப்பதற்காக அதைப் பிடித்தார்கள், சாலையில் வண்டிச் சக்கரத்திலும் அது மாட்டுகிறது. கொங்கு நாட்டில் கிளுவை வேலிகள் போய்க் கம்பி வேலிகள் வரும் காலம் இது. அடிபட்டது கைக்கு வந்தால் வனத்துறைக்குச் சொல்வது முதல் கடமை. அது எதனால் அடிபட்டது என்று நம் நிலத்தைக் கேட்பது அடுத்த கடமை. முதலாவதைச் செய்யாதவருக்கு இரண்டாவது கேள்வி தோன்றவே தோன்றாது. கையில் எடுத்துப் பார்த்தவர்தான் வேலியைத் திருத்துகிறார்.