மருந்தும் மயக்கமும்

பஞ்சசீலங்களுள் ஐந்தாவதை நாம் பெரும்பாலும் கள், சாராயம் என்பவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். உபோசத நாளில் சீலம் ஏற்கும் உபாசகர் ஒருவர், தாம் மதுக்கடைப் பக்கமே செல்லாதவராகையால் இச்சீலத்தில் தமக்கு யாதொரு குறையுமில்லை என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அச்சீலத்தின் பாலி வாசகத்தில் சுரா, மேரயம் என்னும் மது வகைகளோடு மஜ்ஜம் என்ற சொல்லும் உள்ளது. மயக்கம் தருவது எதுவோ அது மஜ்ஜம். அது விலக்கப்படுதற்குரிய காரணமும் அவ்வாசகத்திலேயே கூறப்பட்டுள்ளது. அது பமாதத்திற்கு, அஃதாவது மனம் விழிப்பிழந்து கிடத்தலுக்கு, இடமாகிறது என்பதே அக்காரணம். அப்படியாயின், நோய் தீர்க்க மருத்துவர் எழுதித் தரும் மருந்தே மயக்கப் பொருளாக மாறுமிடத்துச் சீலம் கூறுவது யாது?

இது வெறும் ஏட்டு வினாவன்று. நீரிழிவினால் பாதம் எரிவோர்க்கும், அக்கி ஆறிய பின்னும் வலி நீங்காதோர்க்கும் கேபாபென்டின், பிரிகாபலின் என்னும் இரு மருந்துகள் இன்று தரப்படுகின்றன. முன்னது 1993-ஆம் ஆண்டிலும் பின்னது 2004-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நரம்பணுக்களில் கால்சியம் புகும் வாயில்களின் ஓர் உறுப்பைப் பற்றிக்கொண்டு, அளவுமீறி எழும் வலிச் செய்திகளை இவை தணிக்கின்றன. பல இரவுகள் உறங்காதிருந்தவர்கள் இவற்றால் உறக்கம் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அதே குளிகையைப் பன்மடங்காக விழுங்கினால் ஒருவகைக் களிப்பும் மயக்கமும் உண்டாகின்றன. அம்மயக்கத்தை நாடியே இதனை வாங்குவோர் பெருகியுள்ளனர். நம் நாட்டில் இது மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாத மருந்து. அங்ஙனமிருந்தும், பஞ்சாபில் சில மாவட்ட ஆட்சியாளர்கள் 75 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரிகாபலின் விற்பனைக்குத் தடையாணை பிறப்பிக்க நேர்ந்தது. பிரிட்டனில் 2019 ஏப்ரல் முதல் இவ்விரண்டும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளாயின. மதுவோடும் அபின் இன மருந்துகளோடும் இவை சேருங்கால் மூச்சொடுங்கி உயிர் போதலும் உண்டு.

இதற்கு ஒப்பான வழக்கொன்று பகவான் புத்தர் காலத்திலேயே எழுந்தது. பிலிந்தவச்சர் என்னும் தேரர் வாத நோயால் வருந்தினார். காய்ச்சிய எண்ணெயில் சிறிது மது சேர்த்து அருந்தவேண்டுமென மருத்துவர் கூற, பகவான் அதற்கு இசைந்தார். ஆனால் அறுவர் கூட்டத்தைச் சேர்ந்த பிக்குகள் அவ்வனுமதியைக் காட்டி எண்ணெயில் மிகுந்த மதுவைக் கலந்து குடித்து மயங்கினர். அப்போது பகவான் மருந்தையே தடுத்துவிட்டாரா? இல்லை. மதுவின் நிறமும் மணமும் சுவையும் புலப்படாத அளவே எண்ணெயில் சேரலாம் என்று எல்லை வகுத்தார். அதற்கு மேல் கலந்ததைப் புறத்தே பூசிக்கொள்ளப் பணித்தார். சிலர் நெறி பிறழ்ந்தமையால் நோயாளியின் மருந்து பறிக்கப்படவில்லை. நோயாளிக்கு மருந்து தேவை என்பதால் பிறழ்ந்தவர்க்கு வழிவிடவும் இல்லை. இந்த நடுவுநிலையே நமக்கும் வழிகாட்டியாகும்.

ஆகவே, சீலத்திற்கு அஞ்சி, மருத்துவர் தந்த மருந்தை ஒதுக்கி, வலியில் துடிக்கும் அன்பர் புண்ணியம் ஏதும் தேடிக்கொள்வதில்லை. எழுந்த துன்ப வேதனையை நீக்குதற்கே மருந்து என்பது பௌத்த மரபு. வலியால் சிதறிய மனம் மீண்டும் ஒருமைப்படுமாயின், அம்மருந்து விழிப்புக்குத் துணையே.

ஈண்டு ஒருவர் வினவலாம்: "மனத்துயரும் துயரன்றோ? வேலையற்று வருந்தும் இளைஞன் அதனை மறக்க நாலு குளிகை விழுங்கினால் அதுவும் மருத்துவமன்றோ?" மனத்துயரும் நோயாகலாம் என்பது உண்மையே, ஐரோப்பாவில் மனப்பதற்றத்திற்கும் பிரிகாபலின் தரப்படுகிறது. எனவே உடல், மனம் என்னும் பிரிவில் நம் எல்லை அமையவில்லை. நோயை மறைக்காமல் கூறி, பிறர் அறிய, அளவோடு உண்பவன் தன் துயரை நேர்நின்று காண வலிமை தேடுகிறான். மறைவில் உண்பவனோ அதனைக் காணாதிருக்க வழி தேடுகிறான். மயக்கம் தெளியுங்கால் வேலையின்மை அப்படியே இருக்கிறது. அதனோடு கடனும் பொய்யும் சேர்ந்துகொள்கின்றன.

மற்றொன்றும் கருதத்தக்கது. முறைப்படி உண்டவர் உடலும் நாளடைவில் இம்மருந்துக்குப் பழகிவிடுதல் கூடும். திடீரென நிறுத்தினால் வியர்வை, உறக்கமின்மை, நடுக்கம், சிலர்க்கு வலிப்பும் உண்டாகும். இது உடலின் இயல்பேயன்றிச் சீலக் கேடன்று. கேடு தொடங்குமிடம் பொய்யே: இரண்டு மருத்துவரிடம் இரண்டு சீட்டு வாங்குதல், எண்ணிக்கையை மனைவியிடம் மறைத்தல் போன்றவை. அந்நிலையில் ஐந்தாம் சீலத்தோடு நான்காம் சீலமும் உடைகிறது. அப்படிப்பட்டவரை இகழ்ந்து, குளிகைகளைப் பிடுங்கி எறிவது கருணையாகாது. அவர் உயிருக்கும் ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே அளவைக் குறைக்கவேண்டும்.

உண்பவரை மட்டும் குறைகூறி நிறுத்துதலும் நீதியன்று. மயக்கப் பொருள் வாணிபம் உபாசகர்க்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிபங்களுள் ஒன்று. கேபாபென்டினை அனுமதிக்கப்படாத நோய்களுக்கும் பரப்பிய வழக்கில், 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அவ்வழக்கு 43 கோடி டாலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. சீட்டைக் கேளாமல் பட்டை பட்டையாக விற்கும் கடைக்காரரும் அவ்வாணிபத்தையே சிறு அளவில் செய்கிறார்.

நல்ல நோயாளியின் இலக்கணத்தை விநயம் வகுத்துள்ளது. தனக்கு நன்மையானதைச் செய்தல், அதிலும் அளவறிதல், மருந்துண்ணல், தன் நோயின் நிலையைப் பேணுவோரிடம் உள்ளவாறு கூறல், வேதனையைப் பொறுத்தல் என்பன அவை. இவற்றுள் மருந்துண்ணலும் பொறுத்தலும் ஒருங்கே கூறப்பட்டிருத்தலை ஓர்க. மருந்து வலியின் பெரும்பகுதியை நீக்கும். எஞ்சியதைப் பொறுமை தாங்கும். அந்த எஞ்சிய பகுதியையும் குளிகையாலேயே அழித்துவிட முயலும்போதுதான் மருந்து மஜ்ஜமாகிறது. ஆதலின், அடுத்த உபோசதத்தில் ஐந்தாம் சீலத்தை ஏற்குமுன், அன்பர்கள் தத்தம் வீட்டு மருந்துப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.