நாணும் இனமும்: வளரிளம் பருவத்தில் மதுவை மறுத்தல்

தீது என்று அறிந்ததை ஒருவன் எவ்வாறு செய்கிறான் என்பது அறவியலின், அதாவது நன்மை தீமைகளை ஆராயும் மெய்யியல் துறையின், மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. உண்மையில் அறிந்தவன் செய்யமாட்டான், செய்தால் அவன் அறியாதவனே என்று சாக்ரட்டீஸ் கருதினார். அறிவு இருந்தும் வேட்கை அதனை வென்றுவிடக்கூடும் என்று அரிஸ்டாட்டில் அதற்கு வேறொரு விளக்கம் தந்தார். பதின்மூன்று பதினான்கு வயதில் நண்பர்களின் வற்புறுத்தலால் முதன்முதலாக மது அருந்தும் சிறுவனை இவ்விரு விளக்கங்களுள் எதிலும் அடக்க முடிவதில்லை. மது கெடுதல் என்பதைப் பள்ளியிலும் வீட்டிலும் கேட்டே அவன் வளர்ந்திருக்கிறான். ஆதலால் அறியாமையைக் காரணமாகக் கூற இயலாது. அதன் நெடி அவனுக்குக் குமட்டுகிறது, தொண்டையை எரிக்கிறது. ஆதலால் வேட்கையையும் காரணமாகக் கூற இயலாது. அறிவும் விருப்பமும் ஒருசேர வேண்டாம் என்று சொல்லும் ஒன்றை அவன் செய்கிறான் என்பதே இங்கு விளக்கப்பட வேண்டியது. அதனை விளங்கிக்கொள்ளாமல் உதவ முற்படுவோர், அவன் ஏற்கெனவே அறிந்திருப்பதையே மீண்டும் மீண்டும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகர்ப்புறங்களிலும் இது நிகழும் முறை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது. பிறந்தநாள் 'ட்ரீட்' என்றோ தேர்வு முடிந்த மகிழ்ச்சி என்றோ சொல்லிக்கொண்டு, கட்டி முடியாத வீடொன்றின் மொட்டைமாடியிலோ ஊருக்கு வெளியே உள்ள தோப்பிலோ நான்கைந்து பேர் கூடுகிறார்கள். அவர்களுள் சற்று மூத்தவன் ஒருவன் வாங்கி வந்ததைக் குளிர்பானத்தில் கலந்த பிளாஸ்டிக் டம்ளர் கைமாறி வருகிறது. தயங்குபவனிடம் "ஒரே ஒரு வாய்தான்டா, ஒண்ணும் ஆகாது" என்ற சொல்லும், அதற்கும் அசையாதவனிடம் "இவன் அம்மா புள்ளைடா" என்ற சிரிப்பும் எழுகின்றன. டம்ளரை ஏற்றுக்கொண்டால் வட்டத்திற்குள் இடமுண்டு, மறுத்தால் இல்லை என்பதே அங்கு அவனுக்குத் தெரிவிக்கப்படும் செய்தி. வட்டத்திற்கு வெளியே நிற்பது அந்த வயதில் எத்தகைய துன்பம் என்பதைப் பெரியவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

கலத்தைப் பகிர்வது உறவைப் பகிர்வது என்ற எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. சங்கப் பாடல்களில் கள் பழிக்கப்படும் பொருளாக இல்லை. அது புரவலன் பாணனுக்கும் புலவனுக்கும் அன்போடு அளிக்கும் கொடையாகவே வருகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலில், அதாவது தலைவனை இழந்தோர் செயலற்று வருந்திப் பாடும் பாடலில், அவன் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட பாங்கே நட்பின் முதல் அடையாளமாக நினைவுகூரப்படுகிறது. இதனை மறைத்துவிட்டு, தமிழ் மரபு என்றென்றும் மதுவை விலக்கியே வந்தது என்று சிறுவர்களுக்குக் கற்பிப்பது உண்மையாகாது. தெரிந்துகொள்ளும் வயது வரும்போது கற்பித்தவர்மீது அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையும் அத்துடன் போய்விடும்.

திருவள்ளுவர் இம்மரபிலிருந்து விலகிக் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். ஆயினும் இங்கு எழுப்பப்பட்ட வினாவுக்கு அவ்வதிகாரத்தைவிடச் சிற்றினம் சேராமை என்னும் அதிகாரமே நெருக்கமான விடையைத் தருகிறது. இனம் என்று அங்கே குறிக்கப்படுவது ஒருவன் நாள்தோறும் பழகும் கூட்டம். அறிவு ஒருவனுடைய மனத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் அது அவன் சேர்ந்த இனத்தில் இருக்கிறது என்பது அவ்வதிகாரத்தின் மையக் கருத்து. தனிமனிதனின் மனத்தை அவனுக்கே உரிய கோட்டையாகக் கருதும் மெய்யியலாளர்க்கு இது வியப்பளிக்கக்கூடும். ஆனால் மொட்டைமாடியில் நிற்கும் சிறுவனைப் பற்றிய உண்மை இதுதான். தனியே இருக்கையில் அவன் மனத்திலிருந்த தெளிவு, இனம் மாறியவுடன் மாறுகிறது. அவன் கோழையானதனால் அவ்வாறு மாறவில்லை, மனித அறிவு இயங்கும் முறையே அதுவாக இருப்பதனால் மாறுகிறது.

கள்ளுண்பவனை நாண் என்னும் நற்பண்பு கைவிட்டுச் செல்லும் என்பதும் குறள் கூறுவது. நாண் என்பது இங்கு இழிசெயல்களுக்கு உள்ளம் கூசுதல். அரிஸ்டாட்டிலும் இளையோர்க்கு நாணம் ஏற்றது என்கிறார். உணர்ச்சியின் வழியே வாழும் அவர்கள் பல பிழைகளைச் செய்யக்கூடியவர்கள், நாணமே அவர்களைத் தடுக்கிறது என்பது அவர் கூறும் காரணம். ஆனால் குடியினால் நாண் அகலும் என்பது ஒரு பாதி உண்மையே. முதல் மிடற்றுக்கு முன் நிகழ்வது அதற்கு நேர்மாறானது. அச்சிறுவன் நாணத்தாலேயே குடிக்கிறான். நண்பர்முன் கூசுவதும் தாய்முன் கூசுவதும் ஒரே உணர்வு; எவர்முன் கூசுவது என்பதில்தான் வேறுபாடு. கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்வை எழுதிய கிறித்தவ மெய்யியலாளர் அகஸ்டின் இதனைத் தம்மிடமே கண்டார். பதினாறு வயதில் தோழர்களோடு சேர்ந்து அண்டைத் தோட்டத்துப் பேரிக்காய்களை இரவில் திருடியதைப் பல பக்கங்களில் ஆராயும் அவர், பசியும் இல்லை, அதைவிட நல்ல காய் தம்மிடமே இருந்தது, தனியே இருந்திருந்தால் செய்திருக்கவேமாட்டார் என்ற முடிவுக்கு வருகிறார். வெட்கமின்றி நடக்காவிட்டால் தோழர்முன் வெட்கமாகிவிடும் என்ற நிலையே அவரை இழுத்துச் சென்றது. அகஸ்டின் இத்திருட்டில் பாவத்தின் ஆழத்தைக் கண்டார். அதில் நட்பின்மீது சிறுவர் வைக்கும் அளவற்ற மதிப்பையும் காண இடமுண்டு. உதவ விரும்புவோர் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

தற்கால உளவியல் இதனை வேறு வழியில் உறுதிசெய்கிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடியபோது, நண்பர்கள் உடனிருந்தால் 13 முதல் 16 வயதினர் எடுத்த ஆபத்து பெரிதும் கூடியது; பெரியவர்களிடம் அவ்வளவு மாற்றம் காணப்படவில்லை. இதனினும் பொருளுடையது டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரிடையே நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு. தமக்குள் குடிப்பழக்கத்தைப் பற்றித் தயக்கம் கொண்டிருந்த மாணவர்கள், மற்றவர்களுக்கு அத்தயக்கம் இல்லை என்று நம்பினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் தயக்கத்தை மறைத்துக்கொண்டு பிறர் காட்டும் துணிவை உண்மை என்று கொள்வதனால், எவருமே முழுமனத்தோடு விரும்பாத ஒன்று அனைவரின் விருப்பமாகத் தோற்றம் கொள்கிறது. மொட்டைமாடியில் கூடிய ஐவரில் மூவர் உள்ளூர அஞ்சிக்கொண்டிருக்கலாம். அதனை முதலில் வாய்விட்டுச் சொல்பவன் மற்ற இருவரையும் விடுவிக்கிறான்.

காந்தியடிகளின் இளமையில் தோல்வியும் மீட்சியும் அடுத்தடுத்து வருவதனால் அது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. பள்ளிப் பருவத்தில் நண்பன் ஒருவன் அவரை இறைச்சி உண்ணத் தூண்டினான். இறைச்சி உண்பதனாலேயே ஆங்கிலேயர் வலியவராக இருந்து ஆள்கிறார்கள் என்று வாதிட்டதோடு, ஆசிரியர் பலரும் ஊரின் பெரியவர்களும் மறைவாக இறைச்சியும் மதுவும் கொள்கிறார்கள் என்றும் சொன்னான். எல்லோரும் செய்கிறார்கள் என்ற இந்தச் சொல் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மாறுவதில்லை. காந்தி இணங்கினார். 1888இல் இங்கிலாந்து புறப்படுமுன், சமணத் துறவி பேச்சர்ஜி சுவாமியின் முன்னிலையில், மது, மாது, இறைச்சி ஆகியவற்றைத் தீண்டுவதில்லை என்று தாய்க்கு உறுதிமொழி அளித்தார். இலண்டனில் வேறொரு நண்பர், எழுத்தறிவற்ற தாய்க்கு அளித்த வாக்குக்கு என்ன மதிப்பு என்று கேட்டு, மெய்யியலாளர் பெந்தாமின் பயன்வழிக் கொள்கையை, அதாவது மிகுதியான இன்பம் தருவதே நல்லது எனும் கோட்பாட்டை, படித்துக் காட்டி வாதிட்டார். காந்தி அவ்வாதத்தை எதிர்க்கவில்லை; வாதிடும் ஆற்றல் தமக்கில்லை, ஆயினும் வாக்கு வாக்குத்தான் என்றார். நண்பர் புத்தகத்தை மூடினார், நட்பு நீடித்தது, தாம் குடிப்பவராக இருந்தும் அந்நண்பர் அதன்பின் அவரை ஒருபோதும் குடிக்கச் சொல்லவில்லை.

வாதத்தில் தோற்றும் மறுக்கலாம் என்பது வளரிளம் பருவத்தினர்க்குச் சொல்லப்பட வேண்டிய மிக அரிய செய்தி. மதுவின் தீமைகளை அடுக்கி நண்பர்களை வெல்லும்படி அவர்களைப் பயிற்றுவது பயனளிப்பதில்லை; நாவன்மை மிக்கவன் எப்போதும் மறுபக்கத்திலேயே இருப்பான். முன்கூட்டியே எடுத்த முடிவு அந்நேரத்தில் ஆராயப்பட வேண்டியதன்று. விரதம் என்று சமயங்கள் வழங்குவதன் உட்பொருளும் இதுவே: அது தெளிந்த பொழுதில் உள்ள மனம் கலங்கிய பொழுதில் உள்ள மனத்திற்குச் செய்யும் உதவி. பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. "எங்க அப்பா மோந்து பாப்பாருடா, விடமாட்டார்" என்று பழியைத் தந்தைமீது போட்டுத் தப்பிக்க மகனுக்கு இசைவளித்திருக்கும் வீடும், அலைபேசியில் குறிப்புச் சொல் ஒன்றைக் கேட்டவுடன் கேள்வி கேளாமல் வந்து அழைத்துச் செல்லும் வீடும் அவனுடைய மறுப்பில் பாதிச் சுமையைத் தாங்கிக்கொள்கின்றன.

மறுக்கும் முறையைப் பற்றித் தமிழ் இலக்கியத்தில் மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையைவிடச் சிறந்த சான்று காண்பதரிது. சூதாலும் கணிகையின் தொடர்பாலும் பொருளை இழந்த ஆதிரையின் கணவன் சாதுவன், கடல் வணிகம் செல்லும் வழியில் கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். கொல்ல வந்த நாகரிடம் அவர்களுடைய மொழியிலேயே பேசுவதனால் தலைவன் முன் அழைத்துச் செல்லப்படுகிறான். தலைவன் விருந்தாக இளம்பெண்ணையும் கள்ளையும் ஊனையும் அளிக்கச் சொல்கிறான், சாதுவன் மறுக்கிறான். இவையின்றி வாழ்வில் என்ன பயன் என்று தலைவன் சினக்கிறான். அச்சினத்துக்கு அஞ்சிச் சாதுவன் இணங்கவுமில்லை, நாகரை இழிந்தோர் என்று பழிக்கவுமில்லை. மயக்கும் கள்ளையும் உயிர்க்கொலையையும் தெளிந்தோர் விலக்கினர் என்று தொடங்கி, பிறப்பும் இறப்பும் உறங்கி விழிப்பது போன்றவை என்று அதன் காரணத்தை எடுத்துரைக்கிறான். கேட்ட தலைவன், தங்களுக்கு இயன்ற அறம் எதுவென்று வினவுகிறான். கப்பல் கவிழ்ந்து வருவோரைக் கொல்லாதீர், மூத்து இறந்த விலங்கின் ஊனன்றி வேறு கொள்ளாதீர் என்ற அளவிலேயே சாதுவன் நிறுத்திக்கொள்கிறான். தான் விட்டதையெல்லாம் அவர்களும் விட வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. மறுப்பவன் மாசற்றவனாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் சாதுவனின் கடந்த காலமே சான்று. ஒருமுறை குடித்துவிட்ட சிறுவன் இனி மறுக்கும் தகுதியை இழந்துவிட்டான் என்று எண்ணுவது பெருங்கேடு.

இனம் என்னும் சொல்லில் பெரியவர்களும் அடங்குவர். தமிழ்நாட்டில் 21 வயதுக்குட்பட்டோர்க்கு மது விற்பது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் திருமண வீட்டின் மாடியறையில் மாமன்மார் கூடுவதையும், "பெரியவனானா நீயும்தான்" என்று சிரிப்பதையும் எச்சட்டமும் தடுப்பதில்லை. குடித்தலே ஆண்மையின் நுழைவாயில் என்ற பாடத்தை நண்பர்கள் கற்பிக்கவில்லை; வீட்டில் கற்றதைத்தான் அவர்கள் தமக்குள் நடித்துப் பார்க்கிறார்கள்.

பௌத்தத்தின் ஐந்தாம் சீலம், அதாவது இல்லறத்தார் கொள்ளும் ஐந்து ஒழுக்கங்களுள் இறுதியானது, மதுவை விலக்குவதற்குக் கூறும் காரணம் அது மனத்தின் விழிப்பைக் கெடுக்கிறது என்பதே. இராசகிருகத்தின் அருகே திசைகளை வணங்கிக்கொண்டிருந்த சிகாலன் என்னும் இளைஞனுக்குப் புத்தர் உரைத்ததாகத் தீக நிகாயத்தில் அமைந்த சூத்திரம், குடிப்பதற்குத் துணையாக வருபவனை நண்பன் வடிவில் வந்த பகைவன் என்கிறது. விழிப்பிழந்த வேளையில் காப்பவனையே நல்ல நண்பன் என்கிறது. பிறர்க்கு வரும் பழிக்கும் தமக்கு வருவதற்குப்போலவே நாணுவோரை நாணின் உறைவிடம் எனக் குறள் போற்றுவதும் இதற்கு இயைந்தது. ஆகவே மறுப்பவன் வட்டத்தை விட்டு நீங்கியாக வேண்டும் என்பதில்லை. வாந்தியெடுப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கவும், தள்ளாடுபவனிடமிருந்து பைக் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளவும், நிலை கவலைக்கிடமானால் பயந்து ஓடாமல் பெரியவர் ஒருவரை அழைக்கவும் அந்த ஐவருள் ஒருவனேனும் தெளிவாக இருக்க வேண்டும். அம்மா பிள்ளை என்று எள்ளப்பட்டவனைத் தவிர அதற்கு அங்கே வேறொருவர் இல்லை.