ஓசையும் அனுமானமும்

கண்ணுக்குப் புலப்படாத காரணத்தை அதன் காரியத்தைக் கொண்டு நிச்சயிக்கலாமா என்ற கேள்வியை நம் தரிசனக்காரர்கள் மலையையும் புகையையும் நெருப்பையும் வைத்து நெடுங்காலம் விசாரித்தார்கள். அதே கேள்வி, மூடிய இரும்புக் கூட்டுக்குள்ளிருந்து இனந்தெரியாத சப்தம் எழும்போது, பழைய புல்லட் வண்டியின் முன் குந்தியிருக்கும் மெக்கானிக்கின் எதிரிலும் வந்து நிற்கிறது.

திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் உருவான அந்த 350 சி.சி. இன்ஜினுக்கு, 70 மி.மீ. விட்டமுள்ள ஒரே சிலிண்டர். அதனுள் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் ஏறி இறங்குகிறது. கிராங்க் இருமுறை சுழன்றால் வால்வுகளை இயக்கும் கேம் ஒருமுறையே சுழலும். ஆகையால் கேம் தள்ளும் டாப்பெட்டின் ‘டிக் டிக்’ ஓசை இன்ஜினின் பாதி வேகத்தில் கேட்கும். குளிர்ந்த நிலையில் சிலிண்டர்ச் சுவரில் மோதிச் சலசலக்கும் பிஸ்டன், சூடேறி விரிந்து இடைவெளி குறைந்ததும் அடங்கிவிடும். அடிவயிற்றிலிருந்து கனத்த இடியாக வருவது, கனெக்டிங் ராடின் பிக் எண்ட் தேய்ந்ததற்கு அடையாளம் என்பார்கள்.

‘என்பார்கள்’ என்று நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஆல்ட்டர்னேட்டர் பொருத்திய வண்டிகளில், கிராங்கின் இடக்கோடியில் ரோட்டாரை இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்துவிட்டாலும் ஏறக்குறைய அதே இடிதான் கேட்கும். சைலன்சர்க் குழாய் சிலிண்டர் தலையோடு சேருமிடத்தில் புகை கசிந்தாலும் அது டாப்பெட் ஓசையைப் போலவே ஒலிக்கும். அதுவும் பாதி வேகத்தில்தான் வரும். நட்டு தளர்ந்திருக்கலாம் என்பதை எண்ணிப் பாராதவர் இன்ஜினை முழுவதும் பிரித்து, கிராங்கையும் பிளந்து, பழுதற்ற பிக் எண்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பார். நியாய தரிசனத்தாரான நையாயிகர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகளுக்கு இடந்தரும் இத்தகைய ஹேதுவை (அடையாளத்தை) அநைகாந்திகம் என்று ஒதுக்கினார்கள். நெருப்புள்ள இடமெல்லாம் புகையும் உண்டென்று சொல்ல முடியாது, ஈரவிறகு சேர்ந்தால்தான் புகை எழும் என்று காட்டி, அந்த ஈரவிறகுக்கு உபாதி என்று பெயரிட்டவர்களும் அவர்களே.

நல்ல மெக்கானிக் நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றிப் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். ஆயினும் இரும்பினூடே ஓடும் ஓசை, பிறந்த இடத்தைவிட வேறோரிடத்தில் உரத்துக் கேட்கக்கூடும் என்பதையும் அவர் அறிவார். ஆகவே தம் முடிவுக்குச் சாதகமானதைத் தேடாமல், அதைப் பொய்யாக்கக்கூடியதை முதலில் தேடுவார். பிரைமரி செயின் மூடியைக் கழற்றி நட்டை அசைத்துப் பார்ப்பார். ஒவ்வொன்றாய் விலக்கி எஞ்சியதைக் கொள்ளும் இந்த முறையை நியாய சூத்திரத்துக்கு உரை செய்த வாத்ஸ்யாயனர் சேஷவத் அனுமானம் என்று வகுத்திருக்கிறார்.

எல்லா இடங்களையும் எல்லாக் காலங்களையும் கண்டவர் யாருமில்லையாதலால் அனுமானமே நிற்காது என்று சார்வாகர் வாதித்தனர். சந்தேகம் நம் சொந்தச் செயலோடு முரண்படும் வரையில்தான் செல்லும் என்பது பத்தாம் நூற்றாண்டில் மிதிலையில் வாழ்ந்த உதயணர் அதற்கு அளித்த விடை. காரண காரியத் தொடர்பை நம்பாதவன் ஸ்பானரை எடுக்கவே மாட்டான் அல்லவா?

அதே உதயணர் நியாய குசுமாஞ்சலியில் உலகம் ஒரு காரியம், ஆதலால் அதற்குக் கர்த்தா உண்டு என்று ஈசுவரனை நிறுவப் புகும்போதுதான் என் மனம் நின்று நிதானிக்கிறது. இன்ஜினின் மூடியைக் கழற்றலாம். பிரபஞ்சத்துக்குக் கழற்றும் மூடி இல்லை. குடத்துக்குக் குயவனைக் கண்டோம், மலையை வனைந்தவனைக் கண்டோமா என்று பௌத்த தார்க்கிகர்கள் கேட்டது, தளர்ந்த நட்டைத் தேடும் கேள்வியே. நான் ஈசுவரனை நம்புகிறவன். ஆயினும் அக்கேள்வியை நாஸ்திகம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. உதயணரின் அந்த வாதம் ஒன்றை மட்டும் கொண்டு அவர்களை வாயடைக்க முடியும் என்றும் நான் எண்ணவில்லை. சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியாரும் காட்சி, கருதல், உரை என்ற அளவைகளையும் அவற்றில் நேரும் போலிகளையும் விரித்துரைத்திருக்கிறார். பிழைபட அறிதல் எவ்வாறு நேரும் என்பதை ஆராய்வதும் இறைவனைத் தேடும் வேலையில் ஒரு பகுதியே என்று அவர் கருதியிருக்க வேண்டும்.