கடைசி ஏன்

எங்கள் தொழிற்சாலையில் ஏதாவது தவறு நடந்தால் ஒரு தாள் நிரப்புவோம். ‘ஒய்-ஒய்’ என்று அதற்குப் பெயர். ஐந்து கட்டங்கள் இருக்கும். ஏன் நடந்தது என்பதை முதல் கட்டத்தில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு ஏன் என்று இரண்டாவதில். இப்படி ஐந்து தடவை கேட்டால் தவறின் வேர் கையில் அகப்பட்டுவிடும் என்பது நம்பிக்கை.

கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 21 வருடமாக இருக்கிறேன். நானே எழுதியதும், அடுத்தவர் எழுதிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதுமாக எத்தனையோ தாள்கள் என்னைத் தாண்டிப் போயிருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கடைசிக் கட்டத்தில் இருப்பது ஒரே வாக்கியம்: ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு.’ பக்கத்தில் தீர்வுக்கான கட்டம். அதிலும் ஒரே வாக்கியம்தான்: ‘மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது.’

அளவு தப்பிய துளை, மாறிப்போன போல்ட், கீறல் விழுந்த பெயின்ட், எதுவானாலும் அங்கேதான் வந்து சேரும். அச்சு தேய்ந்திருந்தது என்று எழுதினால் டூல் ரூமிலிருந்து ஒருவர் கோபமாக வருவார். தகடு மட்டமானது என்றால் பர்ச்சேஸ்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆள் போதவில்லை என்று எழுதிவிட்டால் அது மேலே போகும், மேலே போனது திரும்பி வரும், எழுதியவன் பெயரோடு. ஆபரேட்டர் என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். அன்று மாலையே தாள் முடிந்து ஃபைலுக்குப் போய்விடும். இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சேர்ந்த ஆறாவது மாதத்திலேயே தெரிந்துகொண்டேன்.

அப்படி நான் எழுதிய தாள் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு வருடமாகிறது.

பிரஸ் ஷாப்பில் மூன்றாவது ஷிஃப்ட். காண்ட்ராக்டில் வந்த பையன் ஓட்டிக்கொண்டிருந்தான். செய்யாறு தாண்டி ஒரு கிராமம், ஐடிஐ முடித்து எட்டு மாதம். அந்தப் பழைய பிரஸ்ஸில் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால்தான் மேலச்சு இறங்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முன்புறம் சென்சாரும் உண்டு. கை குறுக்கே வந்தால் மெஷின் நின்றுவிடும். அந்தச் சென்சார் கோளாறாகி மூன்று நாளாகியிருந்தது. கை வராதபோதும் மெஷினை நிறுத்திக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் நோட்டில் ஒரு வரி: ‘சென்சார் ட்ரிப் ஆகுது. பைபாஸ்ல ஓட்டவும்.’ கீழே கையெழுத்து இல்லை.

வலது பக்கத்துப் பட்டனில் ஒரு வாஷரை வைத்து அழுத்தி, மேலே டேப் சுற்றியிருந்தது. அதைச் சுற்றியது அந்தப் பையன் இல்லை. முந்தின ஷிஃப்டில் ஓட்டியவருக்கும் அது அப்படியேதான் கைக்கு வந்தது. ஒரு கையால் பீஸ் வைத்து இன்னொரு கையால் பட்டனைத் தட்டினால் வேகம் வரும். டார்கெட் போர்டில் எழுதியிருந்த எண் அந்த வேகத்துக்குப் போட்ட எண். விதிப்படி ஓட்டினால் அது வராது என்பது ஆபரேட்டரிலிருந்து பிளான்ட் ஹெட் வரை எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பீஸ் அச்சில் ஒட்டிக்கொண்டது. வலது கையால் அதை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, பழகிய இடது கை பட்டனுக்குப் போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

நான் போனபோது ஏழு மணி. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். டேப்பையும் உரித்திருந்தார்கள். பட்டனைச் சுற்றிப் பசை மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். பிசுபிசுத்தது.

பாதுகாப்பு அதிகாரி விடுப்பில் இருந்ததால் தாளை என்னை எழுதச் சொன்னார்கள். “கஸ்டமருக்கு இன்னைக்கே ரிப்போர்ட் போகணும் சார், கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடுங்க” என்றார் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை அவர். விடியற்காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் அந்தப் பையனோடு இருந்துவிட்டு, சட்டையில் ரத்தக்கறையோடு வந்து நின்றிருந்தார். ஏன் விரல் நசுங்கியது? கை அச்சுக்குள் இருந்தது. ஏன் இருந்தது? ஒட்டிய பீஸைக் கையால் எடுத்தார். ஏன் கையால் எடுத்தார்? இடுக்கியைப் பயன்படுத்தவில்லை. ஏன் பயன்படுத்தவில்லை? கவனக்குறைவு. நாலாவது ஏனிலேயே முடிந்துவிட்டது. ஐந்தாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். பசையைத் தொட்ட அதே விரல்களால்தான் பேனாவைப் பிடித்திருந்தேன்.

மூன்று நாளாகக் கிடைக்காத சென்சாருக்கு அன்று மதியத்துக்குள் ஆர்டர் போனது. மறுநாள் புதுச் சென்சார் மாட்டியாயிற்று.

இந்த ஐந்து ஏன்கள் எங்கிருந்து வந்தன என்பதை அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை உருவாக்கியவர். 1924-இல் வந்த அவருடைய தானியங்கித் தறி புகழ்பெற்றது. பழுதோடு ஓடிக்கொண்டிருப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்பதே அதன் அடிப்படை. அந்த எண்ணத்தைக் கார் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து வளர்த்தவர்களில் முக்கியமானவர் டைச்சி ஓனோ. 1978-இல் வந்த தன் புத்தகத்தில் ஐந்து ஏன்களுக்கு அவர் ஓர் உதாரணம் காட்டியிருக்கிறார். மெஷின் நின்றது, பளு கூடி ஃபியூஸ் போயிற்று. பளு கூடியது பேரிங்கில் எண்ணெய் போதாததால். எண்ணெய் போதாதது பம்ப் சரியாக இறைக்காததால். பம்ப் இறைக்காதது அதன் தண்டு தேய்ந்ததால். தண்டு தேய்ந்தது, வடிகட்டி இல்லாமல் உலோகத்தூள் உள்ளே போனதால். கடைசி ஏனில் நிற்பது ஒரு வடிகட்டி. ஐந்து கேள்வியில் ஒன்றில்கூட ஒரு மனிதனின் கவனம் பேச்சுக்கு வரவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் தாள் அதே தாள்தான். கட்டங்களும் அதே ஐந்துதான்.

அந்த முறையில், லைனில் பழுதைக் கண்ட தொழிலாளி இழுத்து நிறுத்த ஒரு கயிறு உண்டு, ஆண்டான் என்பார்கள். ஜப்பானிய மொழியில் அது விளக்கைக் குறிக்கும் சொல். கயிறு இழுபட்டதும் விளக்கு எரியும், அதனால் அந்தப் பெயர். எங்கள் பிள்ளைகள் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. ஆண்டான், அடிமை என்று சேர்த்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எங்கள் லைனிலும் அந்தக் கயிறு தொங்குகிறது. காண்ட்ராக்ட் பையன் ஒருவன் அதை இழுத்தால் ஐந்து பேர் ஓடிவருவார்கள். என்ன பழுது என்பதல்ல அவர்கள் கேட்பது. “யார்றா இழுத்தது?” அந்தக் கேள்வி ஒருமுறை காதில் விழுந்தவன் மறுமுறை இழுப்பதில்லை.

எங்கள் சின்னத் தாளின் பெரிய வடிவத்தைப் போபாலில் பார்க்கிறேன். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையில் 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வாயு வெளியேறியது. அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டி அந்த ஜூனிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய எரிகோபுரம் பழுதுபார்ப்பில் இருந்தது. அந்தப் பிரிவில் ஒரு ஷிஃப்டுக்கு 12 பேர் என்றிருந்ததை 6 ஆகக் குறைத்திருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு கம்பெனி சொன்ன காரணம், அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரை விட்டான் என்பது. ஆயிரக்கணக்கானோர் செத்த ஊரில், கடைசி ஏனுக்கு ஒரு தனி ஆளைத்தான் கண்டுபிடித்தார்கள். 2010 ஜூன் 7-இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த இந்திய அதிகாரிகள் 7 பேருக்கு 2 ஆண்டு தண்டனை. அன்றே ஜாமீனும் கிடைத்தது.

அந்தச் சாவுகளிலிருந்து சட்டம் ஒன்றைக் கற்றுக்கொள்ள முயன்றது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் வந்த திருத்தத்தின்படி, கம்பெனி என்றால் அதன் இயக்குநர் ஒருவரே தொழிற்சாலையின் பொறுப்பாளராகக் கருதப்பட்டார். சம்பளத்துக்கு இருக்கும் ஒரு மேலாளரை நியமித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாமல் ஆனது. இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 1996-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் சரிதான் என்றது. அபாயகரமான தொழில்களில் ஆபத்து நெருங்குவதாக உணர்ந்தால் எச்சரிக்கும் உரிமையையும் அதே திருத்தம் தொழிலாளிக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் பிரஸ் ஷாப்பில் அதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நானே ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் படித்தேன்.

48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாதபடி காயம்பட்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதனால் கையில் கட்டோடு இருப்பவரையும் மறுநாள் வண்டி அனுப்பி அழைத்து வந்து கேன்டீனில் உட்காரவைப்பார்கள். அட்டென்டன்ஸ் விழுந்துவிடும். அவர் டீ குடித்துவிட்டு, மேசையில் கையை நீட்டிவைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் இருப்பார். வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகையில் எண் ஒன்று கூடும். மார்ச் 4 பாதுகாப்பு தினத்தன்று அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுதான் உறுதிமொழி எடுக்கிறோம். கட்டுப்போட்டவர்களும் கையை நீட்டி எடுத்திருக்கிறார்கள்.

இப்படிக் கையெழுத்துப் போட மறுத்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் மார்ட்டன் தயகால் என்ற கம்பெனி சேலஞ்சர் விண்ணோடத்துக்குத் திட எரிபொருள் ராக்கெட் செய்து கொடுத்தது. 1986 ஜனவரி 27 இரவு, கடும் குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் இறுகிப்போகும், ஏவக் கூடாது என்று அதன் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். நாசா தரப்பு நெருக்கியது. கம்பெனியின் மேலதிகாரிகள் தனியாகக் கலந்து பேசிவிட்டு, ஏவலாம் என்று முடிவை மாற்றினார்கள். ஏவுதளத்தில் கம்பெனியின் சார்பாக இருந்தவர் ஆலன் மெக்டொனால்டு. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். போட மாட்டேன் என்றார். யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். மறுநாள் காலை 73 விநாடியில் ஓடம் வெடித்துச் சிதறி 7 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவின் முன் நடந்ததைச் சொன்ன மெக்டொனால்டைக் கம்பெனி பொறுப்பிலிருந்து இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்திலிருந்து எதிர்ப்பு வந்த பிறகே திரும்ப உயர்த்தி, ராக்கெட்டை மறுவடிவமைக்கும் பணியை அவரிடம் கொடுத்தார்கள். 2021-இல் காலமானார்.

அவர் மறுத்தும் அந்த ஏழு பேரும் பிழைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரவில் அவர் பேனாவை எடுக்காமல் இருந்ததை நினைத்தால் என் பேனா கனக்கிறது. அவருக்கு முன்னால் இருந்தது ஒரு நாட்டின் விண்வெளித் திட்டம். எனக்கு முன்னால் இருந்தது ஒரு மாலைக்குள் முடிய வேண்டிய தாள். நான் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலாளர் முகம் சுளித்திருப்பார். அந்த வருட இன்கிரிமென்ட் குறைந்திருக்கலாம். அவ்வளவுதான் என் பயத்தின் அளவு.

அதற்குப் பிறகு ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. மற்றவர் எழுதிக் கொண்டுவரும் தாளில் அதைப் பார்த்தால், ஐந்தாவது கட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்புகிறேன். சில திரும்பி வருகின்றன, அச்சு தேய்ந்திருந்தது என்றோ, டார்கெட் எண் தவறு என்றோ. பல தாள்கள் வேறு யாருடைய கையெழுத்திலோ முடிந்துவிடுகின்றன. சங்கத்தில் இருக்கும் நிரந்தரத் தொழிலாளர்கள் கொஞ்சம் பேசுகிறார்கள். காண்ட்ராக்ட் பிள்ளைகள் பேசுவதில்லை. பேசினால் மறுநாள் கேட்டில் கார்டு வேலை செய்யாது.

அந்தப் பையன் இரண்டரை மாதம் இ.எஸ்.ஐ. விடுப்பில் இருந்துவிட்டு வந்தான். பேக்கிங்கில் போட்டார்கள். என் தாளின் தீர்வுக் கட்டத்தில் ‘மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று இருந்ததால், அதற்கு ஆதாரமாகப் பயிற்சிப் பதிவேட்டில் அவனுடைய கையெழுத்து வேண்டியிருந்தது. ஆடிட் வருவதற்கு இரண்டு நாள் முன்பு பதிவேட்டோடு நானே பேக்கிங் பகுதிக்குப் போனேன். பேனாவை வலது கையில் வாங்கினான். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. “இருங்க சார்” என்று இடது கைக்கு மாற்றினான். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். கட்டம் போதவில்லை. கடைசி எழுத்து பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. “பரவால்லயா சார்?” என்று கேட்டான்.

பக்கத்துக் கட்டம் பயிற்சி அளித்தவர் கையெழுத்திட வேண்டியது. அவன் பெயரின் அந்த எழுத்துக்கு மேலேயே என் கையெழுத்தைப் போட்டேன்.